மறுகா

ஓடுகிற பஸ்ஸில் எனக்கு வலி இல்லை.
சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை.

அக்கரைப்பற்றில் ஐந்து ஐம்பதுக்கு எடுத்தால்
மட்டக்களப்புக்கு எட்டு மணி.
இடையில் நான் உட்காருவதில்லை.
ஒலுவில், நிந்தவூர், காரைதீவு,
ஒருவர் இறங்க ஒன்பது பேர் ஏறும் கல்முனை.
ஒரு கையில் காசு, மறு கையில் டிக்கட் மெசின்,
கம்பியைப் பிடிக்க
மூன்றாவது கையை ஆண்டவன் தரவில்லை.
பிரேக் போட்டால் முன்காலுக்குப் போவேன்
எடுத்தால் குதிகாலுக்கு வருவேன்.
களுவாஞ்சிகுடியில் மாடு குறுக்கே பாய்ந்தாலும்
ஒரு ரூபாய் சிந்தாது.

வீட்டில்தான் நாரி பிடிக்கும்.
அசையாத சீமெந்துத் தரையில்
வாய் கொப்பளிக்கக் குனிந்தால்,
செருப்பை எடுக்கப் போனால்,
தும்மினால்.
பத்து நாள் இராது. அப்பாடா என்பேன்.
மறுகா வரும்.
"பேசாம பஸ்ஸிலயே படுங்க" என்றாள் றாஹிலா.
பகிடியாகச் சொன்னாள்,
தைலத்தைக் கோபமாகத் தேய்த்தாள்.

பள்ளியில்
கடைசி வரிசைப் பிளாஸ்டிக் கதிரை எனக்கு.
வயது நாற்பத்திரண்டு.
பக்கத்துக் கதிரையில் காதர் லெப்பைக் காக்கா.
"தம்பிக்குமா?" என்று
ஒரு நாள் கேட்டதோடு சரி.
எல்லோர் நெற்றியும் தரையைத் தொடுகிற நேரம்
எங்கள் இரண்டு தலையும்
இறக்கிவிட மறந்த பயணிகள் போல
மேலே இருக்கும்.

ஆஸ்பத்திரியில் பிசியோ,
ஆரையம்பதிப் பிள்ளை, வினோதரஞ்சினி.
படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு
பெரிதாக ஒன்றுமில்லை என்றாள்.
எனக்கு அது பிடிக்கவில்லை.
ஒன்றுமில்லாததற்கா பதினொரு மாசம்?
"ஒரு காலில நில்லுங்க."
நின்றேன்.
"கண்ணை மூடுங்க."
மூன்று எண்ணவில்லை,
கட்டில் விளிம்பு என் கையில் இருந்தது.
பத்தொன்பது வருசம்
ஓடுகிற தகட்டில் நின்றவன்
நிற்கிற தரையில் ஆடுகிறேன்.
அவள் சிரிக்கவில்லை.
முதுகில் உள்ளங்கையை வைத்து
"இதைக் கொஞ்சம் விடுங்க" என்றாள்.
"எதை?"
"பிடிச்சிருக்கிறதை."
நான் ஒன்றையும் பிடிக்கவில்லையே.
கையை எடுக்காமல் நின்றாள்.
மெல்லத்தான் பிடிபட்டது,
குத்தப் போகிறது, குத்தப் போகிறது என்று
மூச்சையும் சேர்த்து முடிச்சுப் போட்டு
வேலிக்கட்டையாக நிற்கிறேன்.
வலி வராத நாளிலும் கட்டை.
பஸ்ஸில் பயப்பட நேரமில்லை.
வீட்டில் இருந்தது.

இப்போது பல் விளக்குவது ஒற்றைக் காலில்.
இளையவன் எண்ணுகிறான்,
கள்ளக் கணக்கு,
ஏழுக்குப் பிறகு பதினொன்று.

போன செவ்வாய்
மட்டக்களப்பு ஸ்டாண்டில்
இன்ஜின் அணைந்த பஸ்ஸில் காசு எண்ணுகையில்
பத்து ரூபாய்க் குற்றியொன்று
சீட்டுக்கடியில் உருண்டது.
எடுத்தேன், எண்ணி முடித்தேன்,
தேத்தண்ணிக் கடையில் பாதிக் கோப்பை குடித்தபின்தான்
உறைத்தது:
குனிந்திருக்கிறேன்.
வலியைத் தேடினேன்
விழுந்த காசைத் தேடுவதுபோல.
ஒந்தாச்சிமடம் பாலம் தாண்டும்போது
நாரியில் சின்னதாக ஒரு தட்டு.
மறுகா வாறன் எண்டது.
வா எண்டேன்.
முழங்காலைக் கொஞ்சம் இளக்கிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை கதிரையைத் தள்ளிவிட்டுப்
பாயில் நின்றேன்.
நெற்றி போய்ச் சேர்ந்தது.
பாயில் வெயிலின் மணம்.
எழும்பத்தான் முடியவில்லை.
கை தானாகப் போய்
காதர் லெப்பைக் காக்காவின்
கதிரைக் காலைப் பிடித்தது.
அவர் தொழுகையில் இருந்தார்,
திரும்பவில்லை.
கதிரை நகராதபடி
இன்னும் கொஞ்சம் பாரமாக
இருந்துகொண்டார்.